ஈ பிரியும் முன்

ரப்பர் மரத்தின் தேன் பூவில் இல்லை, இலையில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வெளியே இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. டிசம்பரில் ரப்பர் தோட்டங்கள் பழுத்து இலை உதிர்க்கத் தொடங்கும். குலசேகரம், அருமனை, கடையாலுமூடு, பேச்சிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க மரங்கள் மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் துளிர் வரும். ஒரு காம்புக்கு மூன்று இலை; மூன்றும் சேரும் முனையில் சிறிய சுரப்பிகள். துளிர் விரிந்து பச்சை ஏறும் வாரங்களில் அந்தச் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் வரை, சில ஆண்டுகளில் ஏப்ரலிலும் இந்த வரத்து இருக்கும். எங்கள் பகுதியில் தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவர்களின் ஓராண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களுக்குள் வந்து சேர வேண்டும்.

அதற்குச் சற்று முந்தைய வாரங்களில்தான் பெட்டிக்குள் இருக்கும் தேனீக் குடும்பம் இரண்டாகப் பிரிய நினைக்கிறது. தேன் வரத்து வரப்போகும் காலமே புதுக் குடித்தனம் தொடங்க நல்ல காலம் என்பது ஈக்குத் தெரியும். அது தன் வம்சத்துக்காகச் செய்கிற சரியான காரியம் வளர்ப்பவரின் பையைக் காலியாக்குகிறது. இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

புதிதாகப் பெட்டி வாங்கியவர்களிடமிருந்து ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர், ஜனவரியில் எனக்குப் போன் வரும். "அக்கா, பெட்டியில பாதி ஈ போயிட்டு. என்ன மருந்து அடிக்கணும்?" மருந்து எதுவும் இல்லை, ஏனென்றால் நோய் எதுவும் இல்லை. பெட்டிக்குள் ராணி முட்டையிட்டு, ஈக்கள் பெருகுவது ஒரு பெருக்கம். அது குடும்பம் வளர்வது மட்டும்தான். ஒரு குடும்பம் இரண்டு குடும்பமாவதற்குத் தேனீயிடம் இருக்கும் ஒரே வழி பிரிந்து போவது. பழைய ராணி, பாதிக்கு மேற்பட்ட ஈக்களோடு கிளம்பிப் போய்விடும். கூடு, அடை, சேர்த்த தேன், வளரும் புழுக்கள் எல்லாவற்றையும் பிறக்கப்போகும் மகளுக்கு விட்டுவிட்டு, மூத்தவள்தான் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறிய உயிர்மேல் மரியாதை கூடுகிறது.

பாதி ஈ போனால் பாதித் தேன் குறையும் என்று புதியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அது தப்பு. எந்தக் குடும்பத்திலும் ஒரு பங்கு ஈக்கள் வீட்டுக்குள்ளேயே வேலை செய்தாக வேண்டும். புழுவுக்கு ஊட்டுவது, சூடு காப்பது, வாசலைக் காவல் காப்பது, அடை கட்டுவது. அந்த வேலைக்குப் போக மிஞ்சுகிறவர்கள்தான் வெளியே போய்த் தேன் கொண்டுவருவார்கள். குடும்பம் பாதியானால் மிஞ்சுகிறவர்கள் மிகமிகக் குறைந்துபோகிறார்கள். கொண்டுவருவது அவர்கள் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். பெட்டியின் மேலே தேனுக்காக வைக்கும் மேலறையில் நமக்கென்று சேர எதுவும் இராது. அதனால் ஜனவரியில் பிரிந்த பெட்டி அந்த ஆண்டுக்குக் கிட்டத்தட்டத் தேன் தராத பெட்டி. எங்கள் பக்கம் வளர்க்கும் இந்தியத் தேனீயில், நல்ல ரப்பர் தோட்டத்தில், ஒரு பெட்டி பத்துக் கிலோவை ஒட்டித் தரும். நூறு பெட்டி வைத்திருப்பவருக்கு முப்பது பெட்டி பிரிந்தால் இழப்பு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஈ பிரிவது வேறு, ஈ ஓடிப்போவது வேறு. எறும்பு ஏறினால், மெழுகுப்பூச்சி அடையைத் தின்றால், மழைக்காலத்தில் உணவு இல்லாமல் போனால், வெயில் தாங்காவிட்டால், மொத்தக் குடும்பமும் பெட்டியை விட்டு ஓடிவிடும். திறந்து பார்த்தால் வெறும் அடைதான் தொங்கும். அது கஷ்டத்தில் செய்வது. பிரிவது செழிப்பில் செய்வது. போனில் கேட்பவரிடம் நான் முதலில் விசாரிப்பதும் இதைத்தான்: "பெட்டிக்குள்ள இன்னும் ஈ இருக்கா? புழு இருக்கா? அடையோட அடி விளிம்புல என்ன தொங்குது?"

அடி விளிம்பில் தொங்குவதுதான் ராணி அறை. மற்ற அறைகள் எல்லாம் அடையில் கிடைமட்டமாக இருக்க, இது மட்டும் தலைகீழாக, தோலுரிக்காத நிலக்கடலை போலக் கீழ்நோக்கித் தொங்கும். ராணி அதில் இடும் முட்டை மூன்று நாளில் பொரியும். ஐந்து நாள் புழுவாக இருக்கும். அந்த நாள்கள் முழுக்க அரசக்கூழ் என்கிற வெண்ணிறக் கூழ் ஒன்றையே ஊட்டுவார்கள். எட்டாம் நாளை ஒட்டி அறையை மெழுகால் மூடுவார்கள். பதினாறாம் நாளை ஒட்டிப் புது ராணி வெளியே வரும். முதல் ராணி அறை மூடப்படும் நாள்களில், வானம் தெளிந்த ஒரு முற்பகலில், பழைய ராணி கூட்டத்தோடு புறப்பட்டுவிடும். மகள் பிறப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே தாய் போய்விடுகிறாள் என்று அர்த்தம்.

அது திடீரென்று நடப்பதில்லை. வாரக்கணக்கில் அடையாளம் காட்டுகிறது. முதலில் ஆண் ஈக்கள் கூடும். நம் இந்தியத் தேனீயில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆண் ஈ அறையின் மூடி உப்பி, நடுவில் ஊசி குத்தியது மாதிரி ஒரு துளையோடு இருக்கும். வேலைக்கார ஈயின் அறை மூடியில் அது கிடையாது. அப்புறம் அடையின் ஓரங்களில் கிண்ணம் போன்ற சிறு தொடக்கங்கள் கட்டுவார்கள். கிண்ணம் காலியாக இருந்தால் பயமில்லை. அதற்குள் முட்டை நின்றால் முடிவெடுத்துவிட்டார்கள் என்று பொருள். அதற்குப் பிறகு ராணிக்கு ஊட்டுவதைக் குறைப்பார்கள். முட்டைப் பாரத்தோடு அவளால் பறக்க முடியாது. வயிறு சிறுக்கட்டும் என்றுதான். முட்டையிடுவது குறையும், புது அடை கட்டுவது நின்றுபோகும், வெளியே போய்வரும் போக்குவரத்து மந்தமாகும். வேலையில்லாத ஈக்கள் வாசல் பலகையில் கொத்தாகத் தொங்கும். அதைப் பார்த்து "பெட்டி நல்லா நெறஞ்சிருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சந்தோஷப்பட வேண்டிய கட்டம் அதற்குள் தாண்டிவிட்டது.

ஏன் பிரிகிறது என்பதற்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் காலின் பட்லர். ராணியின் தாடைச் சுரப்பியில் இருந்து வரும் ஒரு பொருளை, ராணியைச் சுற்றி நிற்கும் ஈக்கள் நக்கி, ஒன்றிடமிருந்து ஒன்றாகக் கூடு முழுக்கக் கடத்துகின்றன என்று 1950களில் அவர் காட்டினார். அந்தப் பொருள் கிடைக்கும்வரை "ராணி இருக்கிறாள், வேறு ராணி வேண்டாம்" என்ற செய்தி எல்லோருக்கும் எட்டுகிறது. பெட்டி நெரிசலாகும்போது செய்தி கடைசி அடைவரை போய்ச் சேர்வதில்லை. ராணிக்கு வயது ஏறினாலும் அவள் சுரப்பது குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் அடி விளிம்பில் கிண்ணம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். நெரிசல், வயதான ராணி: இந்த இரண்டை மனதில் வைத்துக்கொண்டால் தடுப்பு வேலை அத்தனையும் புரிந்துவிடும்.

ராணி அறை கட்டியிருக்கிறதா என்று நாம் பார்க்க முடிவதே நகர்த்தக்கூடிய மரச்சட்டம் வந்த பிறகுதான். 1851இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ராத், ஈ நடமாடும் இடைவெளியைச் சரியாக விட்டால் அது அந்த இடத்தை மெழுகாலும் பிசினாலும் அடைக்காது என்று கண்டு, அடையோடு தூக்கி எடுக்கும் சட்டங்களைச் செய்தார். அந்தப் பெட்டி நம் சிறிய ஈக்குப் பெரிது. 1910களில் நியூட்டன் பாதிரியார் தென்னிந்தியாவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தார். கீழறையில் ஏழு சட்டங்கள், மேலே பாதி உயரத்தில் தேனறை. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப்புனரமைப்பு நிலையத்தை நடத்தியபோது தேனீ வளர்ப்பு ஏழைக் குடும்பங்களின் கைத்தொழிலாகப் பரவியது. அதற்கு முன் பொந்திலும் பானையிலும் இருந்த ஈயைப் புகை போட்டு விரட்டி, அடையைப் பிழிந்து தேன் எடுத்தார்கள். பானைக்குள் ராணி அறையைத் தேட முடியாது. சட்டம் வந்ததால் தேடலாம். தேட முடிந்ததும் ஒரு கெட்ட பழக்கமும் கூடவே வந்தது.

ராணி அறையைக் கண்டால் கிள்ளி எறிவது. இன்றும் பலர் இதையே தடுப்பு என்று நினைக்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் முடியும் போலத்தான் தெரியும். முட்டையிட்டு எட்டு நாளில்தானே அறை மூடுகிறது, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கிள்ளிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் அடையின் மூலையில், ஈக்கள் மொய்க்கும் இடத்தில், ஒன்றே ஒன்று கண்ணுக்குத் தப்பினால் போதும், போய்விடும். ஒவ்வொரு சட்டத்தையும் ஈயை உதறிவிட்டுப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான பெட்டிகளை வாரந்தோறும் அப்படி உதற எந்த வளர்ப்பவருக்கும் ஆள் கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. கூட்டம் ஏற்கெனவே போன பெட்டியில், போனது தெரியாமல், மிச்சமிருக்கும் ராணி அறைகளையும் ஒருவர் கிள்ளிவிட்டால், மூன்று நாளுக்கு உட்பட்ட இளம் புழுவும் உள்ளே இல்லாவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு ராணி பிறக்க வழியே இல்லை. நம் ஈ இந்த விஷயத்தில் அவசரக்காரி. ராணி இல்லாத சில நாள்களிலேயே வேலைக்கார ஈக்கள் முட்டையிட ஆரம்பித்துவிடும். அவை இடும் முட்டையில் ஆண் மட்டுமே பிறக்கும். பெட்டி மெல்ல அழியும். அதனால் நான் வகுப்பெடுக்கும் இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கீழறையில் புது முட்டையைக் கண்ணால் பார்க்காமல் ராணி அறையில் கை வைக்காதீர்கள்.

ராணியின் ஒரு பக்க இறக்கையைக் கத்தரித்துவிடுவதும் உண்டு. அவளால் பறக்க முடியாது, கூட்டம் திரும்பி வரும். அது வாஸ்தவம். ஆனால் ராணி வாசலுக்குக் கீழே புல்லில் விழுந்து எறும்புக்கு இரையாகலாம். அப்படியே தப்பினாலும் அடுத்த வாரம் பிறக்கும் இளம் ராணியோடு கூட்டம் போய்விடும். வாசலில் சல்லடைத் தகடு வைத்து ராணியை உள்ளே அடைப்பதும் அப்படித்தான். சில நாள் தள்ளிப்போட உதவும். ஆண் ஈக்கள் வெளியேற முடியாமல் வாசலில் செத்து அடைத்துக்கொள்ளும், காற்று தடைபட்டு உள்ளே சூடேறும். இரண்டு வழியும் எனக்குப் பிடிக்காது. பிரிய வேண்டும் என்ற எண்ணம் அந்தக் குடும்பத்தில் அப்படியே இருக்கிறது. நாம் கதவை மட்டும் சாத்துகிறோம்.

அப்படியானால் வழி என்ன? அது பிரிவதற்கு முன் நாமே பிரித்துவிடுவது. நம் நாளில், நம் கையால், நாம் தேர்ந்தெடுத்த பெட்டியை. பிரிய வேண்டும் என்ற அதன் தேவை தீர்ந்துவிடுகிறது. ஈ காட்டுக்குப் போகாமல் நம்மிடமே இரண்டு பெட்டியாக இருக்கிறது. இந்தத் தொழிலில் இதைவிட நியாயமான உடன்படிக்கை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் நாள் கணக்கில் இருக்கிறது. என் மாமனார் இந்தக் கணக்கை எழுதி வைத்ததில்லை. ஆனால், "மக்களே, கிறிஸ்மஸுக்கு முன்ன பிரிச்சு முடிச்சிரணும். அதுக்குப் பொறவு பிரிக்காத, எடம் மட்டும் குடு" என்பார். அதை நான் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். பிப்ரவரி தொடக்கத்தில் துளிரில் தேன் கசியும்போது வெளியே பறக்க வேண்டிய ஈ, இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே அறையில் இருந்து வந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று வாரம் முன்னால் அது முட்டை. அதாவது டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே ராணி முழுவேகத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்க வேண்டும். புது ராணி அறையில் இருந்து வெளிவந்து, வானத்தில் ஆண்களோடு கூடி, முட்டையிடத் தொடங்கச் சுமார் இரண்டு வாரம் எடுக்கும். ஆகவே டிசம்பர் முதல் வாரத்தில் பிரித்த பெட்டியே கடைசியாகத் தேறும். கிறிஸ்மஸை ஒட்டிப் பிரித்தது பிழைத்துக்கொள்ளும், பலம் சேரும், தேன் குறைவாகத் தரும். அதற்குப் பிறகு பிரித்தது பெட்டி எண்ணிக்கையைக் கூட்டும், அவ்வளவுதான்.

முன்னால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மழை முடிவுசெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்களுக்குப் பஞ்சகாலம். சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் ஈயைக் காப்பாற்றுகிறோம். அக்டோபரில் தென்னையின் மகரந்தமும், தோட்டத்துக் களையாகக் கிடக்கும் தொட்டாவாடியின் மகரந்தமும் பெட்டிக்குள் வரும்போது ராணி விரிவாக முட்டையிடத் தொடங்குகிறாள். ஆண் ஈக்கள் தலைகாட்டுகின்றன. ஆண் இல்லாமல் பிரித்தால் புது ராணி கூடுவதற்கு வழியில்லை. ஆகவே அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, வடகிழக்குப் பருவமழை இடைவெளி விடும் தெளிந்த நாள்களே எங்கள் பிரிப்புக் காலம்.

பிரிக்கும் முறையில் கஷ்டமில்லை, நிதானம் வேண்டும். சட்டங்கள் அனைத்திலும் ஈ மூடி நிற்கிற, புழு நிறைந்த பெட்டியை மட்டுமே தேர்ந்தெடுப்பேன். மாலையில், வெளியே போன ஈக்கள் திரும்பத் தொடங்கும் நேரத்தில், மெல்லப் புகை காட்டித் திறந்து முதலில் ராணியைத் தேடுவேன். அவள் எந்தச் சட்டத்தில் இருக்கிறாள் என்று தெரியாமல் அடுத்த வேலை கிடையாது. புழுவும் தேனும் மகரந்தமும் உள்ள சட்டங்களில் பாதியை, ஈயோடு, புதுப் பெட்டிக்கு மாற்றுவேன். பழைய பெட்டியை அரையடி ஒரு பக்கம் தள்ளி, புதியதை அரையடி மறுபக்கம் வைத்தால், திரும்பி வரும் ஈக்கள் நடுவில் தடுமாறி இரண்டு வாசலிலும் ஏறக்குறையச் சமமாக நுழையும். ஒன்றில் கூட்டம் கூடினால் அதை இன்னும் கொஞ்சம் தள்ளிவைப்பேன். நாளுக்குச் சிறிது சிறிதாக இரண்டையும் விலக்கிவிடலாம். ராணி இல்லாத பாதிக்கு, பிறக்கத் தயாராக இருக்கும் ஒரு ராணி அறையைச் சேர்க்கிறேன். அறையின் நுனியில் மெழுகைச் சுரண்டிவிட்டுப் பழுப்பு நிறம் தெரிந்தால், ஓரிரு நாளில் ராணி வந்துவிடும் என்று அர்த்தம்.

அந்த ராணி அறை எந்தப் பெட்டியில் இருந்து வருகிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் பெரிது. ராணி அறை எங்கே சுலபமாகக் கிடைக்கும்? அதிகமாகக் கட்டுகிற பெட்டியில். அதிகமாகக் கட்டுவது எது? சதா பிரியத் துடிக்கிற குடும்பம். ஆக, எல்லோரும் பிரியும் குணமுள்ள பெட்டியிலிருந்து ராணி அறையை வெட்டியெடுத்து மற்ற பெட்டிகளுக்கெல்லாம் ஒட்டுகிறார்கள். சில ஆண்டுகளில் தோட்டம் முழுக்க அந்தக் குணமே நிறைந்துவிடுகிறது. பிறகு "நம்ம நாட்டு ஈயே இப்படித்தான், நிக்காது" என்று ஈயின்மேல் பழி போடுகிறார்கள். நாட்டு ஈ, இத்தாலிய ஈயைவிடச் சீக்கிரம் பிரியும் என்பது உண்மை. ஆனால் எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரி இல்லை. ஏழு சட்டமும் நிறைந்து, இரண்டு மேலறை ஏறி, மார்ச் வரை ராணி அறையே கட்டாமல் நிற்கும் பெட்டிகள் எல்லாத் தோட்டத்திலும் சில உண்டு. அந்தப் பெட்டிகளின் மூடியில் நான் வெள்ளைப் பெயின்டால் குறி போட்டுவைக்கிறேன். அடுத்த அக்டோபரில் அவற்றின் ராணியை இரண்டு சட்டத்தோடு எடுத்துத் தனிப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டால், ராணியை இழந்த மிச்சக் குடும்பம் இளம் புழுக்களைக் கொண்டு அவசர ராணி அறைகளைக் கட்டும். அவை பிரியும் எண்ணத்தில் கட்டியவை அல்ல, குணம் பார்த்து நாம் கட்டவைத்தவை. வேலை கூடுதல்தான். ஆனால் இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் ஆண்டுதோறும் அதே தொல்லை திரும்பி வரும்.

குணம் தேர்ந்தெடுப்பது வெறும் பேச்சல்ல என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீப் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. புழுக்கள் அறைக்குள்ளேயே தண்ணீர்ப் பைகளாகிச் செத்தன. தேனால் வாழ்ந்த வீடுகள் ஒரே ஆண்டில் வேறு கூலி தேடின. அப்போதும் சில பெட்டிகள் தாங்கி நின்றன. அவற்றில் இருந்தும் காட்டில் பிழைத்த குடும்பங்களில் இருந்தும் பெருக்கி எடுத்த ஈதான் இன்று எங்கள் தோட்டங்களில் பறக்கிறது. நோயைத் தாங்கும் குணத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்த கைக்கு, நிலைத்து நிற்கும் குணத்தையும் தேர்ந்தெடுக்க முடியும்.

பிரித்த ஒவ்வொரு ஜோடிப் பெட்டியிலும் ஒன்றில் புது ராணி இருக்கிறாள். அந்த ஆண்டில் பிறந்த ராணியின் குடும்பம் அந்தப் பருவத்தில் பிரிவது அபூர்வம். பழைய ராணி இருக்கும் பாதிக்கு நெரிசல் குறைந்திருக்கிறது. அவளையும் வசதிப்பட்டபோது மாற்றிவிடுவது நல்லது. ஆண்டுக்கு ஒரு ராணி என்பது நம் ஈக்குச் சரியான கணக்கு.

ஜனவரியில் மிஞ்சுவது இடமும் நிழலும். நிழலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆண்டு முழுக்க ரப்பர் மரத்தடியில் குளிர்ச்சியாக இருந்த பெட்டி, இலை உதிர்ந்ததும் நேர் வெயிலில் நிற்கிறது. ஈக்கள் அதிகமாகி, பிரியத் தருணம் பார்க்கும் அதே வாரங்களில் உள்ளே சூடும் ஏறுகிறது. மூடிமேல் தென்னோலை போட்டு, வாசலைக் காலை வெயிலுக்கு மட்டும் காட்டி, பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் பாதி அமைதி வந்துவிடும். இதற்குச் செலவும் இல்லை.

மேலறையை எப்போது வைப்பது? தேன் வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னால். துளிர்ச்சாறு தண்ணீராகத்தான் வரும். அதை அறை அறையாக மெல்லியதாகப் பரப்பி, சிறகால் விசிறி, வற்றவைக்கிறார்கள். வற்றிய தேனுக்கு வேண்டிய இடத்தைவிடப் பல மடங்கு இடம் அதற்கு வேண்டும். இடம் இல்லாவிட்டால் கீழறையில் முட்டையிட வேண்டிய அறைகளில் தேனை ஊற்றுவார்கள். ராணிக்கு முட்டையிட இடம் இருக்காது. பிரியும் யோசனை அங்கே மறுபடி பிறக்கும். சென்ற ஆண்டு அடை கட்டிய மேலறைச் சட்டங்களைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வைத்திருந்து இப்போது கொடுத்தால், ஈக்குக் கட்டும் நேரம் மிச்சம். கீழறையில் கறுத்துப்போன பழைய அடைகளைக் கழித்து மெழுகுத் தாள் கொடுத்தால், மெழுகு சுரக்கும் இளம் ஈக்களுக்கு வேலை கிடைக்கும்.

தேன் வரத்து உச்சத்தில் இருக்கும்போது வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை தேன் எடுப்பது எங்கள் வழக்கம். அது நெரிசலைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதையே சாக்காக வைத்து, ஈ மூடாத பச்சைத் தேனைச் சுற்றி எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ரப்பர் தேனுக்கு இயல்பிலேயே ஈரம் அதிகம். மூடாத தேன் புளிக்கும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். இன்னொரு மேலறை வைத்தால் தீரும் பிரச்சினை அது.

வடக்கே இத்தாலிய ஈயை வளர்ப்பவர்களுக்குப் பத்துச் சட்டப் பெரிய பெட்டி. 1960களில் இமாசலத்தின் நக்ரோட்டாவில் வேரூன்றி, பஞ்சாப் வழியாகப் பரவிய ஈ அது. அவர்களுக்குக் கடுகுப் பூவின் காலத்தில் இதே தலைவலி. அமெரிக்காவின் கென்டக்கியில் டெமரி என்பவர் 1892இல் ஒரு முறையை எழுதினார். ராணியைக் காலி அடைகளோடு கீழறையில் விட்டு, புழு நிறைந்த அடைகளை எல்லாம் மேலே ஏற்றி, நடுவில் ராணித் தடுப்புச் சல்லடையும் தேனறையும் வைப்பது. குடும்பத்தைப் பிரிக்காமலே, பிரிந்துவிட்ட உணர்வைக் கொடுக்கும் நுட்பம். பெரிய ஈக்கு நன்றாக வேலை செய்கிறது. நம் சிறிய பெட்டிக்கு அக்டோபர்ப் பிரிப்புதான் பொருந்தும் என்பது என் தீர்மானம்.

இவ்வளவு பார்த்தும் ஒன்றிரண்டு பெட்டி பிரியத்தான் செய்யும். அது கிளம்பும் நாளில் பதற வேண்டாம். கூட்டம் முதலில் பக்கத்து மரக்கிளையிலோ கொல்லாமரக் கொம்பிலோ கொத்தாக இறங்கும். அங்கிருந்து ஒற்றர் ஈக்கள் பொந்து தேடிப் போகும். அவை திரும்பி வந்து கொத்தின்மேலேயே ஆடி இடம் சொல்வதை, 1950களில் ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டாவர் உட்கார்ந்து கவனித்து எழுதினார். பல இடங்களுக்கு ஆட்டம் நடக்கும். எல்லோரும் ஒரே இடத்துக்கு ஆடும்வரை கூட்டம் நகராது. அதற்குச் சில மணி நேரம் ஆகலாம், ஓரிரு நாளும் ஆகலாம். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுப் புறப்பட்ட ஈ, காக்க வீடும் இல்லாத ஈ, பெரும்பாலும் கொட்டாது. மெல்லத் தண்ணீர் தெளித்து, அடியில் பெட்டியையோ கூடையையோ பிடித்து, கிளையை ஒரே உலுக்கில் உலுக்கினால் இறங்கிவிடும். வேறு பெட்டியில் இருந்து புழு உள்ள ஒரு சட்டத்தை எடுத்துப் புது வீட்டில் வைத்தால், புழுவை விட்டு ஈ போகாது. எங்கிருந்து வந்ததென்று தெரியாத கூட்டமாக இருந்தால், நோய் பார்க்கும்வரை மற்ற பெட்டிகளில் இருந்து தள்ளி வையுங்கள்.

பிரிந்த தாய்ப் பெட்டியையும் அன்றே திறக்க வேண்டும். அதில் பல ராணி அறைகள் இருக்கும். நல்லதாக ஒன்றை விட்டு மற்றவற்றை எடுத்துவிடாவிட்டால், அடுத்தடுத்துப் பிறக்கும் இளம் ராணிகளோடு இரண்டாவது, மூன்றாவது கூட்டமும் போய், பெட்டியில் கைப்பிடி ஈதான் மிஞ்சும். ஒன்றை விட்டபின் மூன்று வாரம் அதைத் தொடாதீர்கள். பிறகு திறந்து, நடுச் சட்டத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து, அறையின் அடியில் ஒற்றை முட்டை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மூடியில் தேதி எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகலாம். நிற்காவிட்டால் குறி போட்ட பெட்டியில் இருந்து இளம் புழு உள்ள ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து கொடுங்கள். ராணியை அவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள்.